மூலைகளும் பார்க்கப்பட்டன

பிப்ரவரி 4

டாக்டர் அவர்களுக்கு,

கூடப் பிறந்தவனை இப்படி அழைக்க வேண்டி வந்ததற்கு நான் காரணமில்லை. இந்தக் கடிதம் நாளைக்கு யார் மேசையில் போய் உட்காரும் என்று தெரியாததால் மரியாதையாகவே எழுதிவிடுகிறேன்.

மருத்துவக் கட்டணக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. உங்கள் எலும்பு கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேக்களை நான் பார்த்து ரிப்போர்ட் எழுதினேனாம். அதற்கான கட்டணம் என் பெயரில், என் டாக்டர் பதிவு எண்ணில் பில் ஆகியிருக்கிறதாம். உங்களுக்காகப் படம் பார்ப்பதை நான் விட்டு இரண்டு வருடமாகிறது. சண்டை போட்டுவிட்டுத்தான் விட்டேன், மறந்திருக்காது.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. எக்ஸ்ரே எடுத்ததற்கு ஒரு கட்டணம், அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியதற்கு ஒரு கட்டணம். இரண்டையும் பில்லில் தனித்தனி வரியாகப் போட வேண்டும், ரிப்போர்ட் எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும். தன் நோயாளியைத் தன் மெஷினுக்கே அனுப்புகிற டாக்டர், தானே ரிப்போர்ட்டும் எழுதி அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கக் கூடாது. வெளி ஆள்தான் எழுத வேண்டும். அந்த வெளி ஆள் நான் என்று உங்கள் பில் சொல்கிறது.

நவம்பரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் பாதிப் பார்வை. அந்த வாரம் முழுக்க நான் உங்களுக்குப் படம் பார்த்துத் தள்ளியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ்காரன் அங்கேதான் பிடித்திருக்கிறான்.

என் பெயரை யார் போட்டது? போனில் சொல்ல வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் அடித்தும் அனுப்ப வேண்டாம். கைப்பட எழுதி அனுப்புங்கள். பதிவு எண் போனால் என் பிழைப்பே போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா

·

பிப்ரவரி 11

அக்கா,

'டாக்டர் அவர்களுக்கு' என்று பார்த்ததும் கவரைத் திருப்பி முகவரியைச் சரிபார்த்தேன். எனக்குத்தான்.

நீ மரியாதை கொடுத்தாலே பயம். சின்ன வயசில் அப்பாவிடம் கோள் சொல்லப் போகும்போதுதான் நீ என்னை 'வாங்க தம்பி' என்பாய்.

நேராகவே கேட்கிறேன். புகார் கொடுத்தது நீயா? இன்ஷூரன்ஸ்காரன் தலையில் போடாதே. உனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது கூடப் பிறந்த எனக்கே தெரியாது. அவனுக்கு யார் சொன்னது? ஒரு போன் பண்ணியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா?

பெயர் விஷயம் ஒன்றுமில்லை. பழைய சாஃப்ட்வேர். 'ரிப்போர்ட் எழுதியவர்' என்ற கட்டத்தில் உன் பெயர் தானாக வந்து விழுந்திருக்கும். கவுன்ட்டரில் உட்காருவது என் மனைவி. அவள் பில் அடிக்கிறாளே தவிர, கட்டத்துக்குக் கட்டம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாளா? இதைப் பெரிது பண்ணாதே. உனக்குப் பதிவு எண் என்றால் எனக்குக் கிளினிக். இரண்டும் ஒரே கயிற்றில்தான் தொங்குகின்றன.

கைப்பட எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். எதற்குக் கைப்பட என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பதில் புரிந்தால் நன்றாகத் தூங்குவேன்.

தம்பி

·

பிப்ரவரி 17

தம்பிக்கு,

புகார் கொடுத்தது நானில்லை. கொடுத்திருந்தால் என் பெயரைப் போட்டே கொடுத்திருப்பேன், உன்னைப்போல் அடுத்தவர் பெயரைப் போட்டல்ல. என் கண் ஆபரேஷன் பில்லும் அதே இன்ஷூரன்ஸுக்குத்தான் போனது, அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதத்தை மூன்று பேர் எழுதியதுபோல் இருக்கிறது. முதல் நாலு வரி உன் கையெழுத்து. போகப் போக எழுத்து சாய்ந்து, சுருங்கி, கடைசியில் வண்டி ஏறிய புழு மாதிரி நெளிகிறது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? டாக்டர்களில் மருந்துக் கடைக்காரனுக்குப் புரிகிற கையெழுத்து உன்னுடையது ஒன்றுதான் என்று ஊரே சிரிக்கும். யாரை வைத்து எழுதுகிறாய்? வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதா, அல்லது பாதியில் பேனாவை உன் மனைவியிடம் கொடுத்துவிட்டாயா?

சாஃப்ட்வேர் கதையை வேறு யாரிடமாவது சொல். பெயர் தானாக விழலாம். ரிப்போர்ட்டும் தானாக எழுதிக்கொள்ளுமா? அலுவலகத்தில் சில பிரதிகள் காட்டினார்கள். 'எலும்பு முறிவு இல்லை. மூட்டு சரியாக உள்ளது.' முடிந்தது கதை. நான் எந்தக் காலத்தில் இரண்டு வரியில் முடித்திருக்கிறேன்? ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் என் வரி: 'மூலைகளும் பார்க்கப்பட்டன.'

அந்த வரியை நான் சும்மா எழுதுவதில்லை. வீடு பெருக்குகிறவர் நடுவில் தொடங்கினால் குப்பையெல்லாம் மூலைக்குப் போய்விடும். நான் படத்தையும் மூலையிலிருந்துதான் பார்ப்பேன். நாலு மூலையும் பார்த்து, ஓரங்களைப் பார்த்து, கடைசியில்தான் கேட்ட எலும்புக்கு வருவேன். அதைச் செய்த பிறகுதான் அந்த வரியை எழுதுவேன். அந்த மூலைகளுக்காகத்தானே நாம் சண்டை போட்டோம்? போனில் நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "சீக்கிரம்க்கா! தோள்னா தோள மட்டும் பாத்துச் சொல்லு. வெளிய இருபது பேரு உக்காந்திருக்காங்க. மூலையெல்லாம் யாரு கேட்டா?"

மூலையை யாரும் கேட்கவில்லை என்றாய். அந்த வரி மட்டும் எதற்கு வேண்டியிருந்தது?

அக்கா

·

பிப்ரவரி 24

அக்கா,

சரி. நீ விட மாட்டாய்.

படங்களைப் பார்த்தது நான். எழுதியதும் நான். நீ போன பிறகு இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவர் ரிப்போர்ட்டை மறுநாள் அனுப்புவார், இன்னொருவர் அனுப்பவே மாட்டார். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறவனிடம், 'எலும்பு உடைந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது, ஆனாலும் வெளியூர் டாக்டர் நாளை சொல்வார்' என்று சொல்ல முடியுமா? எலும்பைப் பார்த்தே முடி நரைத்தவன் நான். இந்தப் படத்தை நீ பார்த்தால் பணம் வாங்கலாம், நான் பார்த்தால் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம். எழுதியவன் ஒரு நாளாவது கிளினிக் நடத்தியிருப்பானா?

என் மனைவிதான் சொன்னாள்: "அண்ணி பேரு ஏற்கெனவே அதுல இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே. நீங்க பாத்தா என்ன, அவங்க பாத்தா என்ன, ஒரே ரத்தம்தானே?" எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. உன் பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து மேலே மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினோம். கடைசி வரி அப்படியே தங்கிவிட்டது. அதை ஒரு முத்திரை மாதிரி நினைத்தேன். அதற்குள் இவ்வளவு வேலை இருக்கிறது என்று நினைக்கவில்லை.

கையெழுத்துக்கு வக்கீலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலைந்து மாதமாக வலது தோளில் வலி. மூட்டுச் சவ்வு இறுகியிருக்கிறது, ஐம்பதைத் தாண்டினால் வருவதுதான். வாரத்துக்குப் பத்துப் பேருக்கு நானே சொல்கிற வியாதி. உடற்பயிற்சி செய்கிறேன். கொஞ்ச நேரம் பேனா பிடித்தால் சுண்டு விரல் பக்கம் மரத்துப்போகிறது, எழுத்து ஓடிவிடுகிறது. போதுமா விசாரணை?

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். அவர்கள் உன்னிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி: 'இவை உங்கள் ரிப்போர்ட்டா?' 'ஆமாம்' என்று சொல்லிவிடு. கண் கட்டியிருந்த வாரத்தை மட்டும் தவறி விழுந்ததாக நான் ஏற்றுக்கொள்கிறேன். நீ 'இல்லை' என்றால் கிளினிக்கை மூடிவிடுவார்கள். என்னை நம்பி உள்ளே வேலை செய்கிறவர்களும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

இதை எழுதும்போது என் மனைவி பின்னால் நின்று சொல்கிறாள்: "எழுதிக் குடுக்காதீங்க. அவங்க கேக்கறதே ஆதாரத்துக்குத்தான்." இருந்தாலும் எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டுவாயா மாட்டாயா? அதையாவது நேராகச் சொல்.

தம்பி

·

மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அவசரமான ஒன்று.

அலுவலகத்திலிருந்து எல்லாப் படங்களையும் ஒரு சிடியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நோயாளிகளின் பெயரை மறைத்து எண் மட்டும் போட்டிருக்கிறார்கள். எது என் ரிப்போர்ட், எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்தாலே போதும், படத்தைத் திறக்க வேண்டியதில்லை. பழக்க தோஷம், திறந்தேன்.

பெரும்பாலும் நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். அதையும் சொல்லிவிடுகிறேன், குறை மட்டும் சொல்கிறவள் என்று வேண்டாம்.

கடைசிக்கு முந்தைய படம். ஆண், வயது ஐம்பத்தொன்று, வலது தோள். டிசம்பரில் எடுத்தது. ரிப்போர்ட்டில் 'மூட்டு சரியாக உள்ளது' என்று இருக்கிறது. மூட்டு சரிதான். ஆனால் தோள் படத்தின் கீழ் மூலையில் நுரையீரலின் நுனி கொஞ்சம் விழும், உனக்கே தெரியும். அது கறுப்பாக இருக்க வேண்டும். இங்கே வெள்ளையாக, தொப்பி கவிழ்த்ததுபோல் ஒரு நிழல். அதை ஒட்டிய விலா எலும்பின் ஓரம் அரித்திருக்கிறது. எலும்பு டாக்டரே, எலும்பையும் விட்டுவிட்டாய். அதற்குக் கீழே என் பெயரில் எழுதியிருக்கிறது: மூலைகளும் பார்க்கப்பட்டன.

அந்த ஆள் யார்? பெயரும் போன் நம்பரும் உடனே அனுப்பு. அல்லது நீயே கூப்பிட்டு இன்றைக்கே நெஞ்சு ஸ்கேனுக்கு அனுப்பு. டிசம்பரில் எடுத்த படம், இப்போது மார்ச். பதிவு எண், கிளினிக், சட்டம் எல்லாம் அப்புறம். தோள் வலி என்று வந்த ஒரு மனுஷன் உன் ரிப்போர்ட்டை நம்பி உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறான்.

இதற்கு மட்டும் போன் செய்தேன். மூன்று தடவை. நீ எடுக்கவில்லை.

அக்கா

·

மார்ச் 6

அக்கா,

போனை எடுக்காதது வேண்டுமென்றுதான். போனில் பேச மாட்டேன் என்றவள் திடீரென்று மூன்று தடவை கூப்பிட்டால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

இவ்வளவு படம் இருக்க, குறிபார்த்து அந்தப் படத்தை எடுத்திருக்கிறாய். யார் சொன்னது உனக்கு? கிளினிக்கில் படம் எடுக்கிற பையனா? வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையா? அந்த பில்லைப் பற்றி மூன்று பேருக்குத்தான் தெரியும். அதிலும் ஒருத்தி என் மனைவி.

பெயர் தர மாட்டேன். நோயாளியின் பெயரை வெளியே சொல்வதும் சட்டப்படி குற்றம்தான். உனக்குச் சட்டம் அவ்வளவு பிடிக்குமே! பெயரைக் கொடுத்தால் அந்த பில் யாருக்கு, ஏன் என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும் என்றுதானே நீ கேட்கிறாய்?

நிழல் கதையை நான் நம்பவில்லை. படம் எடுக்கும்போது சட்டைப் பையில் ஏதாவது இருந்திருக்கும், இல்லை தோல் மடிப்பு விழுந்திருக்கும். அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடுகிறான், நடக்கிறான், எல்லோரிடமும் சண்டை போடுகிறான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான், அது கவலையால். அவனை விட்டுவிடு.

'ஆமாம்' என்று சொல்வாயா மாட்டாயா, அதற்கு மட்டும் பதில் எழுது.

தம்பி

·

மார்ச் 8

சுண்டு,

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஏன்டா எழுதினாய்? ஒரு நோயாளி மெலிந்தது கவலையால் என்று எந்த டாக்டருக்குத் தெரியும்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் படத்தை மறுபடியும் திறந்தேன். முதல் தடவை மூலையில் பார்த்த நிழலிலேயே கண் நின்றுவிட்டது, நடுவுக்கு வரவே இல்லை. மூலையைப் பார் மூலையைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், நடுவில் இருந்ததைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை மெதுவாக வந்தேன். காறை எலும்பில் பழைய முறிவு. ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறி, படிக்கட்டு மாதிரி ஒட்டியிருக்கிறது.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு குதித்தாயே. 'காத்து தூக்கும்க்கா' என்றாய். காற்று தூக்கவில்லை. அப்பாவுக்குப் பயந்து இரண்டு நாள் சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு திரிந்தாய், அதனால்தான் அது கோணலாக ஒட்டியது. குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கை இது. பெயரை மறைத்தால் எனக்குத் தெரியாதா? தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். திரையில் அந்த எலும்பைப் பார்த்ததும் விரல் தானாகப் போய் அந்த மேட்டைத் தொட்டது.

உன் படத்தை உன் மெஷினில் எடுத்து, நீயே பார்த்து, என் பெயரைப் போட்டு, உன் இன்ஷூரன்ஸுக்கே பில் அனுப்பியிருக்கிறாய். அதுதான் உன் பயம். நானோ நீ ஏதோ ஒரு நோயாளியை மறைக்கிறாய் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் எழுத்து நெளிந்ததைப் பார்த்து வக்கீலைத் தேடினேன். சுண்டு விரல் மரத்துப்போகிறது என்று எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கைக்குப் போகிற நரம்பு நுரையீரலின் அந்த நுனியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இது மூட்டுச் சவ்வு இல்லைடா.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். 'ஆமாம்' என்று சொல்லவில்லை. எதுவும் என் ரிப்போர்ட் இல்லை என்று எழுதி இன்று காலையில் அனுப்பிவிட்டேன். நான் பார்த்ததாக ஒப்புக்கொண்டால், உன் நெஞ்சில் இருப்பதைப் பார்த்துவிட்டு 'சரியாக உள்ளது' என்று எழுதியவள் ஆகிவிடுவேன். அதை எந்தக் கிளினிக்குக்காகவும் என்னால் எழுத முடியாது. என் மேல் கோபம் வந்தால் வரட்டும், கோபப்பட நீ இருக்க வேண்டும். உன் கடிதங்களை யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

இத்துடன் ஒரு ரிப்போர்ட் வைத்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு நான் உண்மையில் எழுதிய முதல் ரிப்போர்ட். கட்டணம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. உன் மெஷின் பக்கம் போகாதே, உன் கண்ணால் நீ பார்க்காதே. உன் மனைவிக்கு இப்போதுதான் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். என்னைத் திட்டவும் செய்தாள், இரண்டையும் கேட்டுக்கொண்டேன். கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது சுண்டு.

அக்கா

·

மார்ச் 17

அக்கா,

இந்தத் தடவை நீ சந்தேகப்பட்டால் சரி. இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையும் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (சேர்க்கவில்லை, அண்ணி.)

நீ போன் செய்த அன்றே இவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். கிளினிக்கை மூடவைக்க அக்கா போட்ட நாடகம் என்றுகூடச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் நீள பெஞ்சில், கையில் டோக்கனோடு, கட்டுப் போட்ட ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வருகிறவர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது. பக்கத்திலிருந்த பெரியவர், "என்ன தம்பி, தோளா? அது ஒண்ணுமில்ல, சவ்வு இறுக்கம், எனக்கும் ஒரு எலும்பு டாக்டர் அப்பிடித்தான் சொன்னாரு" என்றார். நல்லவேளை, என்னைச் சொல்லவில்லை.

ஸ்கேன் முடிந்து பில் கொடுத்தார்கள். கெட்ட பழக்கம், முதலில் அதைத்தான் பார்த்தேன். இரண்டு வரி. எடுத்ததற்கு ஒன்று, பார்த்ததற்கு ஒன்று. பார்த்தவர் பெயர் தெளிவாக இருந்தது. யாரோ எனக்குத் தெரியாத டாக்டர். நிஜமாகவே ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். என்னைத் தவிர யார் இதைக் கேட்பார்கள்? கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினார்கள். சின்னப் பெண், திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே அவ்வளவு கூட்டம். அவள் அவசரப்படவே இல்லை.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை. நிழல் நிழல்தான், சட்டைப் பை இல்லை. ரிப்போர்ட்டை இவள் படித்துவிட்டாள். நான் படிக்கவில்லை. இவள் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்காணிப்பு அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்த்தது நான், பெயர் போட்டது நான், அக்காவுக்குத் தெரியாது என்று. வலது கையால் கையெழுத்துப் போட முடியவில்லை, கைநாட்டு வைத்தேன். இத்தனை படித்தும் கடைசியில் கைநாட்டு. கிளினிக் இப்போதைக்குப் பூட்டியிருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று அவர்கள் சொல்வார்கள். உன் மேல் கோபம் இருக்கிறது. இருப்பதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் பெயரைப் போட்டு அந்தப் படத்தை இன்ஷூரன்ஸுக்கு அனுப்பாமல் விட்டிருந்தால், அது உன் கண்ணுக்கே வந்திருக்காது. இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு முடிவும் கிடைக்கவில்லை.

புது ஸ்கேன் முழுவதையும் சிடியில் வாங்கி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அந்தச் சின்னப் பெண் நன்றாகத்தான் எழுதியிருப்பாள். இருந்தாலும் நீ பார்க்க வேண்டும். பில்லில் என் பெயரைப் போட்டு உன் கட்டணத்தை எழுதி அனுப்பு. தம்பி என்று தள்ளுபடி கொடுத்தாலும் சட்டப்படி தப்பாம், விசாரித்துவிட்டேன்.

உன் வழக்கப்படியே பார் அக்கா. மூலையிலிருந்து தொடங்கி, ஓரங்களைப் பார்த்து, மெதுவாக நடுவுக்கு வா. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

சுண்டு